சிறு பாய்மரப் படகில் அண்டார்டிகா தீபகற்பம்: முதன்முறை பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு தென்கோடையிலும் அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்தும் சிலேயின் புவெர்த்தோ வில்லியம்ஸிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு சிறு பாய்மரப் படகுகள் அண்டார்டிகா தீபகற்பத்துக்குப் புறப்படுகின்றன. அப்படிப்பட்ட படகில் மாலுமியாகவோ, வழிகாட்டியாகவோ, பயண ஏற்பாட்டாளராகவோ முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்காக எழுதியது இது. பயணியாகப் போகிறவர்களும் படிக்கலாம். எந்தப் படகை நம்பி ஏறலாம், எதை நம்பக் கூடாது என்று கண்டுகொள்ள உதவும்.

வேலை முழுவதிலும் ஓடும் விதி ஒன்றுதான். எங்கே நுழைவதானாலும், அங்கிருந்து எப்படி வெளியேறுவது என்பதை நுழையுமுன்பே முடிவுசெய்துவிட வேண்டும். குடாவுக்குள் நங்கூரமிடும்போதும், பயணிகளைக் கரையில் இறக்கும்போதும், சாமான்களை மூட்டை கட்டும்போதும் இதே கேள்விதான். அங்கே உதவிக்கு வர ஆள் இல்லை, விட்டுவிட்டு வந்ததை மட்கச் செய்ய வெப்பமும் இல்லை.

அனுமதி: முதல் வேலை, நீண்ட வேலை

தெற்கு அட்சரேகை 60 பாகைக்குத் தெற்கே உள்ள பகுதி முழுவதும் 1959-இல் கையெழுத்தான அண்டார்டிகா ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. 1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் நெறிமுறையும் அங்கே பொருந்தும். நடைமுறையில் இதன் பொருள்: ஒப்பந்த நாடு ஒன்றில் ஏற்பாடு செய்யப்படும் பயணமோ அந்நாட்டின் கொடி பறக்கும் படகோ அந்த நாட்டின் அனுமதியின்றி 60 பாகையைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் வெளியுறவு அமைச்சகத்தின் துருவப் பகுதித் துறையும், நார்வேயில் துருவ ஆய்வுக் கழகமும் இதைக் கவனிக்கின்றன. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் இந்திய அண்டார்டிகா சட்டம் இருக்கிறது. இந்தியப் பதிவுள்ள கப்பலோ, இந்தியாவிலிருந்து கிளம்பும் பயணக்குழுவோ அச்சட்டப்படி அனுமதி பெற வேண்டும். இந்தியர் ஒருவர் வேறு நாட்டுப் படகில் ஏறுகிறார் என்றால், அந்தப் படகு எந்த நாட்டு அனுமதியில் போகிறது என்று கேட்டு அதன் நகலைக் கையில் வாங்கிக்கொள்வது நல்லது. “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

விண்ணப்பத்தில் கேட்பவை பெரும்பாலும் இவை: போகும் தேதிகள், இறங்கப்போகும் இடங்கள், படகின் கட்டுமானம், எரிபொருளின் அளவு, மாலுமிகளின் அனுபவம், கழிவை என்ன செய்வீர்கள், விபத்து நேர்ந்தால் என்ன செய்வீர்கள், தேடல்-மீட்புச் செலவுக்கும் மருத்துவ வெளியேற்றத்துக்கும் காப்பீடு உண்டா. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஒன்றையும் இணைக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். இறங்கும் இடங்களின் பட்டியலில் மாற்று இடங்களையும் சேர்த்துவிடுங்கள். பனிக்கட்டி வழியை அடைத்துவிட்டால், அனுமதியில் இல்லாத இடத்தில் இறங்க நேரும் சங்கடம் அப்போது வராது.

ஒப்பந்த நாடுகள் 2012-இல் சிறு படகுகளுக்கென்றே ஒரு சரிபார்ப்புப் பட்டியலைத் தீர்மானமாக ஏற்றன. விண்ணப்பம் எழுத உட்காரும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 300 டன் மொத்தக் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள உல்லாசப் படகுகளுக்கு 2026 ஜனவரி 1 முதல் துருவக் கப்பல் விதித்தொகுப்பின் வழிசெலுத்தல், பயணத் திட்ட அத்தியாயங்களும் பொருந்தும். நாம் பேசும் 15 முதல் 25 மீட்டர்ப் படகுகள் அந்த அளவை எட்டா. ஆனாலும் அந்த அத்தியாயங்களில் சொல்லியிருப்பதுபோல் திட்டமிடுவதே சரி.

அனுமதி வெறும் காகிதச் சடங்கு என்று நினைப்பவர்கள் பெர்செர்க் என்ற நார்வே படகின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2011 பிப்ரவரியில் அனுமதி பெறாமல் ராஸ் கடலுக்குள் போன அந்தப் படகு புயலில் காணாமற்போனது. அதிலிருந்த மூவரும் திரும்பவில்லை. தேடியவர்களும் அதே புயலுக்குள்தான் போக வேண்டியிருந்தது. திட்டத்தை முன்கூட்டியே யாராவது ஒருவர் படித்துக் கேள்வி கேட்பதுதான் அனுமதி முறையின் உண்மையான பயன்.

விசா விஷயத்தில் ஒன்று: அண்டார்டிகா போகும்போது அர்ஜென்டினாவையோ சிலேயையோ விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் பலமுறை நுழைய இடம்தரும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். போகும் வழி பீகிள் கால்வாயின் இரு கரை நாடுகளையும் தொடும் என்றால் இரண்டுக்கும் வேண்டும்.

எப்போது போவது

நவம்பரிலிருந்து மார்ச் வரை பருவம். சிறு படகுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி இறுதிவரை உகந்தது. நவம்பரில் ஒதுக்கமான குடாக்கள் பலவும் உறைந்தே கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் 65 பாகை அட்சரேகையில் இரவு என்று சொல்லும்படி இருட்டுவதே இல்லை. பனிக்கட்டியைக் கண்ணால் பார்த்து ஓட்டும் நமக்கு அது பெரிய பலம். பிப்ரவரி கடைசிக்கு வந்தால் பல மணி நேரம் இருட்டு. திமிங்கலங்கள் அதிகம் தென்படுவதும் அப்போதுதான் என்பதால் பயணிகள் அந்த மாதத்தையே கேட்பார்கள். மார்ச்சுக்குப் பிறகு இருப்பது சூதாட்டம். 2012 ஏப்ரலில் கிங் ஜார்ஜ் தீவின் மேக்ஸ்வெல் குடாவில் பிரேசில் படகான மார் செம் ஃபிம் பனிக்கட்டியில் சிக்கி மூழ்கியது. சிலே தளத்தின் அருகிலேயே நடந்ததால் நால்வரும் பிழைத்தார்கள்.

போக்குவரத்து, காத்திருப்பு எல்லாம் சேர்த்து நான்கு வாரம் ஒதுக்குங்கள். மூன்று வாரத்தில் முடிக்கிறேன் என்று பயணிகளுக்கு வாக்குக் கொடுத்து விமான டிக்கெட்டும் எடுக்கச் சொல்லிவிட்டால், கடைசியில் தவறான வானிலையில், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் கடலுக்குள் இறங்க வேண்டிவரும். இந்தத் தொழிலில் நடக்கும் மோசமான முடிவுகள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு விமான டிக்கெட் இருக்கும்.

படகில் இருக்க வேண்டியவை

எஃகு அல்லது அலுமினிய உடல் நல்லது. தூக்கக்கூடிய அடிக்கட்டை இருந்தால் ஆழமற்ற ஒதுக்கங்களுக்குள் போகலாம். மற்றவை:

– வழக்கமான அளவைவிட ஓரிரு படி பெரிய நங்கூரம், 10 அல்லது 12 மில்லிமீட்டர் சங்கிலி 80 முதல் 100 மீட்டர், தனியாக இன்னொரு நங்கூரம்.
– கரைக்குக் கட்ட மிதக்கும் கயிறு நான்கு, ஒவ்வொன்றும் 100 முதல் 200 மீட்டர், சுருள் உருளையில் சுற்றியபடி. கயிறு குவியலாகக் கிடந்தால் அவசரத்தில் அவிழாது. உருளை ஆடம்பரமல்ல.
– பாறையைச் சுற்றிக் கட்டச் சங்கிலித் துண்டுகளோ கம்பிவடங்களோ, நான்கைந்து. கயிற்றை நேராகப் பாறையில் கட்டினால் ஒரே இரவில் தேய்ந்து அறுந்துவிடும்.
– பனிக்கட்டியைத் தள்ள மூன்று, நான்கு மீட்டர் நீள மரக்கழிகள், குறைந்தது நான்கு. ஒன்றிரண்டு உடையும்.
– இரண்டு ரப்பர்ப் படகுகள், இரண்டு இயந்திரங்கள். ஒன்று கிழிந்தால் கரையில் இருப்பவர்களை அழைத்துவர மற்றது வேண்டும்.
– 406 மெகாஹெர்ட்ஸ் அவசரச் சமிக்ஞைக் கருவி, இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசி, வி.எச்.எஃப். வானொலி நிலையானது ஒன்றும் கைக்கருவிகள் சிலவும்.
– சொட்டுமுறை டீசல் அடுப்பு அல்லது வேறு வெப்பமூட்டி, அதோடு கட்டாயம் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்புக் கருவி. காற்றுப்போக்கியைப் பனி மூடிவிட்டால் அறைக்குள் நச்சு வாயு நிறையும், மணமே தெரியாது.

இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் குழாயில் பனிச்சேறு அடைத்துக்கொள்வது அங்கே அடிக்கடி நேரும் கோளாறு. நொறுங்கிய பனிக்குள் ஓட்டும்போது வெப்பமானியைப் பார்க்கவே ஒருவர் இருக்க வேண்டும். வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்யும் வேலையை, கண்ணை மூடிக்கொண்டும் செய்யும் அளவுக்குத் துறைமுகத்திலேயே பழகுங்கள். நீர் உப்பகற்றும் கருவி குளிர்நீரில் வழக்கத்தைவிடக் குறைவாகவே தரும் என்பதால் தொட்டியை நிறைத்துக்கொண்டு புறப்படுங்கள். டீசலும் குளிர்காலத்துக்கானதாக இருக்கட்டும். சாதாரண டீசல் குளிரில் மெழுகுபோல் கட்டி வடிகட்டியை அடைத்துவிடும்.

சாமான் ஏற்றும் நாள்

அண்டார்டிகாவுக்குள் நாம் கொண்டுபோகக் கூடாதவற்றில் பெரும்பங்கு இந்த ஒரு நாளில்தான் படகேறுகிறது. கிங் ஜார்ஜ் தீவில் போலந்தின் ஆர்க்டோவ்ஸ்கி நிலையத்தருகே 1980-களின் நடுவில் ஓர் அந்நியப் புல் முளைத்திருந்ததைக் கண்டார்கள். பிறகு அது பரவி, பிடுங்கி ஒழிக்கப் பல ஆண்டுப் பாடு தேவைப்பட்டது. ஓர் உடையின் பாக்கெட் மடிப்பில் தங்கும் விதை போதும்.

பயணிகள் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துச் சாமான்களைத் திறக்கச் சொல்லுங்கள். வெல்க்ரோ பட்டைகளில் ஊசியால் கிளறுங்கள். பாக்கெட்டுகள், பைகளின் அடித்தையல், கேமரா முக்காலியின் கால்கள், நடைக்கோல் முனைகள் எல்லாவற்றையும் தூசி உறிஞ்சியால் இழுங்கள். காலணியின் பள்ளங்களில் ஒட்டிய மண்ணைத் தூரிகையால் எடுங்கள். இதற்கு ஆளுக்குக் கால்மணி நேரம் ஆகும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஏன் என்று சொன்னால் அவர்களே அடுத்தவர் பையையும் பார்க்க முன்வருவார்கள்.

உணவுப்பொருட்களின் அட்டைப்பெட்டிகளையும் பிளாஸ்டிக் உறைகளையும் துறைமுகத்திலேயே கழற்றி விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் இடைநிரப்பியாக வரும் தெர்மோகோல் மணிகளை அண்டார்டிகாவுக்குக் கொண்டுபோவது நெறிமுறைப்படியே தடை. மண் ஒட்டிய உருளைக்கிழங்கு, கீரை, கிழங்கு வகைகளைக் கழுவி ஏற்றுங்கள். பூச்சி இருக்கிறதா என்று இலைகளைப் புரட்டிப் பாருங்கள்.

கோழி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயிருள்ள கோழிக்கு அனுமதியே கிடையாது. இறைச்சியானால் நோயற்றதென்று பரிசோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். எஞ்சிய எலும்பு, தோல் எல்லாம் திரும்பி வர வேண்டும். முட்டை ஓட்டையும் நாங்கள் இதே கணக்கில்தான் சேர்க்கிறோம். பறவைகளுக்கு வரும் நோய்கள் பென்குயின் குடியிருப்பில் புகுந்தால் என்ன ஆகும் என்ற அச்சமே காரணம். பயணம் முழுவதும் கோழியில்லாமல் சமைப்பதே எளிது. கரைக்கு எந்த உணவையும் கொண்டுபோவதில்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டிரேக் கடப்பு

ஹார்ன் முனையிலிருந்து முதல் ஒதுக்கமாகப் பலரும் தேர்வுசெய்யும் மெல்ஷியர் தீவுகள் வரை 500 கடல்மைலுக்குச் சற்று மேல். ஆறு, ஏழு நாட் (மணிக்கு ஒரு கடல்மைல் ஒரு நாட்) வேகத்தில் மூன்றரை நாள். மேற்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றழுத்தத் தாழ்வுகள் இந்த வழியே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு தாழ்வுகளுக்கு இடையே மூன்று நாள் தாராளமான இடைவெளி கிடைக்கும்வரை பீகிள் கால்வாயிலேயே காத்திருங்கள். ஒரு தாழ்வு கடந்துபோன பின்னால் கிளம்புவதே வழக்கம். கடல்நீரோட்டமும் அலையும் கிழக்கே தள்ளும். எனவே தொடக்கத்திலேயே கொஞ்சம் மேற்காகப் பிடித்து ஓட்டுங்கள். பிறகு மேற்கே ஏற முயல்வது பெரும்பாடு.

குமட்டலுக்கான மாத்திரையையோ ஒட்டுப்பட்டையையோ கிளம்பிய பின் போட்டுப் பயனில்லை. பல மணி நேரம் முன்பே போட வேண்டும். மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிலருக்கு அந்த மருந்தே தலைசுற்றலைத் தரும்.

கடல்நீர் வெப்பமானியைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். சில மணி நேரத்துக்குள் வெப்பநிலை இரண்டு மூன்று பாகை சரிந்தால் குளிர்ந்த தென்கடல் நீரும் வடக்கின் வெப்பமான நீரும் சேரும் அண்டார்டிகா நீர்ச்சந்திப்பைக் கடந்திருக்கிறீர்கள். அதன்பின் காவலுக்கு இருவர். ஒருவர் சுக்கானில், மற்றவர் பனிக்கட்டியைத் தேட மட்டும்.

பனிக்கட்டி நடுவே

பெரிய பனிப்பாறை ரேடாரில் தெரியும். ஆளை அடிப்பது சிறியவை. நீருக்கு மேல் ஒரு மீட்டருக்குள் தலைகாட்டும் துண்டை க்ரௌலர் என்றும், ஒன்று முதல் ஐந்து மீட்டர்வரை நீட்டியிருப்பதை பெர்கி பிட் என்றும் சொல்வார்கள். க்ரௌலர் கண்ணாடிபோல் தெளிந்தும் இருக்கும், கருத்தும் இருக்கும். அலைகளின் எதிரொலியில் ரேடார் அதைத் தவறவிடும். எடையோ பல டன். பனிப்பாறையின் காற்று மறைவுப் பக்கத்தில்தான் உடைந்த துண்டுகள் சிதறிக் கிடக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். நடப்பது பெரும்பாலும் அதுதான், ஏனென்றால் பெரும்பாறையைவிடச் சிறு துண்டுகளைக் காற்று வேகமாகத் தள்ளும். அதனால் பாறையைக் கடக்கும்போது காற்று வரும் பக்கமாகச் சுற்றிப்போங்கள்.

பனிப்பாறை புரளும். அதன் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளியே நில்லுங்கள். வளைவாசல் உள்ள பாறைக்குள் ரப்பர்ப் படகை ஓட்டச் சொல்லிப் பயணிகள் கேட்பார்கள். முடியாது என்பதே பதில். பனியாற்று முகப்புக்கு 200 மீட்டருக்குள் போகாதீர்கள், உயர்ந்த முகப்பென்றால் இன்னும் தள்ளி.

நொறுங்கிய பனிக்குள் நுழைய நேர்ந்தால் இரண்டு நாட் வேகம், ஒருவர் அணியத்தில் (படகின் முன்முனையில்), ஒருவர் பாய்மரத்தின் மேல். அணியத்தால் மெல்லத் தொட்டுத் தள்ளுங்கள், இடிக்காதீர்கள். பின்னோக்கி எடுக்கும்போது சுக்கான் நேராக இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் பனி அதைப் பிடித்து முறித்துவிடும். பனித்துண்டு பின்பக்கம் வரும்போது உந்துவிசிறியை நடுநிலையில் வையுங்கள். உள்ளே போகப்போகத் திரும்பிப் பாருங்கள்: வந்த வழி மூடிக்கொண்டு வருகிறது என்றால் உடனே திரும்ப வேண்டும். லெமேர் கால்வாய் 11 கிலோமீட்டர் நீளம், மிகக் குறுகிய இடத்தில் சுமார் 600 மீட்டர். எல்லோரும் புகைப்படத்தில் பார்க்கும் அந்த இடம் பாதி நாளில் அடைபட்டுவிடும். தெற்கே போய்விட்டு அதே வழியில்தான் திரும்புவோம் என்று கணக்குப் போடாமல் மேற்கே வெளிக்கடல் வழிக்கும் எரிபொருள் வைத்திருங்கள்.

கடல்வரைபடத்தில் வெள்ளையாக விட்டிருக்கும் இடம் ஆழமான இடமல்ல, அளக்கப்படாத இடம். டிசெப்ஷன் தீவின் வாயிலான நெப்டியூன்ஸ் பெல்லோஸில் நடுவழியிலேயே, நீருக்கு 2.5 மீட்டர் ஆழத்தில் ரேவ்ன் பாறை இருக்கிறது. வழி நடுவில் போவதுதான் பத்திரம் என்ற பழக்கம் அங்கே படகைக் கெடுக்கும். நுழையும்போது வலப்பக்கச் செங்குத்துப் பாறையை ஒட்டிப் போக வேண்டும். 

நங்கூரமும் நான்கு கயிறும்

சிறு படகுகளின் பாதுகாப்பு பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது, புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். தீபகற்பத்தில் நல்ல களிமண் அடித்தளம் அரிது. பனியாறு சுரண்டிய வழுக்குப் பாறைமேல் நங்கூரம் பிடிக்காது. பனிமலையிலிருந்து இறங்கும் காற்று சில நிமிடங்களில் 40 நாட் வேகத்துக்கு ஏறும். அதனால் ஒடுங்கிய பிளவுகளில் புகுந்து நான்கு பக்கமும் கரையோடு கட்டிக்கொள்வது வழக்கம். பிளவு ஆழமற்றதாக இருப்பது நல்லது, பெரிய பனிப்பாறைகள் வாயிலிலேயே தரைதட்டி நின்றுவிடும்.

முதலில் ரப்பர்ப் படகில் ஒருவர் போய்க் கைக்கருவியால் ஆழம் பார்க்க வேண்டும். படகு நிற்கப்போகும் இடத்தை மட்டுமல்ல, அது ஊசலாடக்கூடிய சுற்றளவு முழுவதையும். கயிறு கட்ட எந்தப் பாறை, அதில் பென்குயின்கள் ஏறியிறங்கும் பாதை குறுக்கிடுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். அந்தப் பாதையில் கட்டிய கயிறு அவற்றின் கால்களை வாரும்.

பிறகு வாயிலில் நங்கூரத்தை இட்டுவிட்டுப் பின்னோக்கி உள்ளே வாருங்கள். இரண்டாவதாகக் காற்று வரும் பக்கத்துக் கயிறு. இதை முதலில் கட்டாமல் வசதியான பக்கத்தைக் கட்டினால், மற்றவற்றைக் கட்டும் நேரத்துக்குள் படகு எதிர்ப்பாறையில் சாய்ந்துவிடும். கரையில் இருப்பவர் சங்கிலித் துண்டைப் பாறையைச் சுற்றிப்போட்டு, பாறையின் அடிப்பக்கமாக இறக்கி, இழுத்துப்பார்த்துவிட்டுக் கையசைக்க வேண்டும். அதன்பின்தான் படகில் இருப்பவர் கயிற்றை இறுக்கலாம். பாறையில் துளையிட்டு ஆணி அடிப்பது கூடாது. என்டர்பிரைஸ் தீவருகே 1915-இல் தீப்பிடித்துக் கரையேற்றப்பட்ட கவர்னோரன் என்ற திமிங்கல ஆலைக்கப்பலின் உடலோடு படகுகளைக் கட்டும் வழக்கம் உண்டு. துருவேறிய விளிம்பு கயிற்றை அறுக்கும் என்பதால் அங்கேயும் சங்கிலிதான்.

கட்டிமுடித்ததும் வேலை முடியவில்லை. காற்று திரும்பினால் அது வெளியிலுள்ள பனியை வாயிலுக்குள் தள்ளிக்கொண்டு வரும். நீருக்குமேல் கிடக்கும் கயிற்றில் ஒரு பெர்கி பிட் மாட்டினால், கரைப்பாறையோ படகில் கயிறு கட்டிய கட்டையோ ஏதாவது ஒன்று பெயரும். இரவு முழுவதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும், கழியோடு. கயிற்றைத் தளர்த்தினால் நீருக்குள் தாழ்ந்துவிடும், துண்டு அதன்மேல் நழுவிப்போகும். போகவில்லையென்றால் கயிற்றை விட்டுவிடலாம். நான்கில் எதை முதலில் விடுவது, எந்த வரிசையில் வெளியேறுவது, இருட்டில் எந்தத் திசையில் ஓட்டுவது என்று காவல் ஏற்குமுன் ஒவ்வொருவரும் வாயால் சொல்லிக்காட்ட வேண்டும். வெளியேறும் வழியின் புள்ளிகளை வழிகாட்டிக் கருவியில் பதித்துவையுங்கள். வாயிலை அடைக்கும் அளவுக்குப் பெரிய பனிப்பாறை ஒன்று வெளியே மிதக்கிறது என்றால், சாப்பாடு பாதியில் இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

கரையிறங்குதல்

பெரிய கப்பல்கள் இறங்கும் இடங்களுக்கு நேரம் பதிந்துகொண்டு வருகின்றன. 1991-இல் தொடங்கிய அண்டார்டிகா சுற்றுலா நடத்துநர்களின் சர்வதேசச் சங்கம், ஐயாட்டோ, அதை ஒழுங்குசெய்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வரும் இக்காலத்தில் இந்த ஒழுங்கு இல்லையென்றால் ஒரே கடற்கரையில் நான்கு கப்பல் நிற்கும். நீங்கள் சங்கத்தில் இல்லாவிட்டாலும் வி.எச்.எஃப். 16-ஆம் அலைவரிசையில் அருகிலுள்ள கப்பலை அழைத்து அவர்கள் திட்டத்தைக் கேளுங்கள். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் கரையில் 100 பேருக்கு மேல் கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும். உங்கள் பன்னிரண்டு பேரும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். அதிகம் பேர் வரும் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்த நாடுகள் தனி விதித்தாள் வெளியிட்டிருக்கின்றன. எங்கே இறங்குவது, எந்தப் பகுதி மூடியது, எந்த வழியே நடப்பது எல்லாம் அதில் வரைபடத்தோடு இருக்கும். சில இடங்களில் இரவு 10 முதல் அதிகாலை 4 வரை விலங்குகளின் ஓய்வுக்காக இறங்கவே கூடாது. சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளுக்குத் தனி அனுமதி இல்லாமல் போக முடியாது.

ஒவ்வொரு இறக்கமும் இப்படி நடக்கட்டும்:

1. படகோட்டி தனியாகப் போய்ப் பார்க்கிறார்: அலை, வழுக்கும் பாறை, ஃபர் சீல்கள் (அடர்முடிக் கடல்நாய்கள்), இறந்துகிடக்கும் பறவைகள்.
2. அவசரப் பீப்பாய் முதலில் இறங்குகிறது. கூடாரம், உறக்கப்பைகள், அடுப்பு, நீர், ஒரு நாள் உணவு, மருந்துப்பெட்டி. காற்று எழுந்து படகு நங்கூரத்தை எடுத்து வெளியேற நேர்ந்தால் கரையில் உள்ளவர்கள் அதோடு ஓரிரவு தாங்க வேண்டும்.
3. காலணிகள் விர்கான் என்ற கிருமிநாசினிக் கரைசலில், 1 சதவீதம், தேய்த்துக் கழுவப்படுகின்றன. ஏறும்போதும் இறங்கும்போதும்.
4. ஆட்கள் ஏறுகிறார்கள். உயிர்காப்பு மேலாடை அணிந்தபின்தான் மேல்தளத்திலிருந்து கால் எடுக்க வேண்டும். கையைப் பிடிக்காமல் மணிக்கட்டுக்கு மேல் முன்கையைப் பிடியுங்கள். ஈரக்கையுறை நழுவும்.
5. திரும்பும்போது தலையெண்ணிக்கை. பட்டியலில் பெயரைப் பார்த்து, முகத்தைப் பார்த்து.

ரப்பர்ப் படகில் இயந்திரத்தை நிறுத்தும் சுருள்கயிறு எப்போதும் ஓட்டுபவர் உடலில் மாட்டியிருக்க வேண்டும். நெக்கோ துறைமுகம்போல் பனியாற்றின் எதிரே உள்ள கடற்கரைகளில் நீர்விளிம்பில் யாரும் நிற்கக் கூடாது. முகப்பு உடைந்து விழுந்தால் ஒரு நிமிடத்துக்குள் அலை கரையேறிவிடும். இறங்கியதும் மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள், ரப்பர்ப் படகையும் கரையில் விட்டுவைக்காதீர்கள்.

பறவைக்காய்ச்சல் 2023 அக்டோபரில் தென் ஜார்ஜியாவுக்கும் 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது. அதன்பின் விதி கடுமையானது. தரையில் உட்காருவது, மண்டியிடுவது, படுத்துப் படம் எடுப்பது, பையைக் கீழே வைப்பது எதுவும் கூடாது. காலணி மட்டுமே தரையைத் தொடலாம். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக்கிடந்தாலோ, தலையாட்டிக்கொண்டோ விழுந்தெழுந்தோ நடந்தாலோ இறங்காமல் திரும்பி, அனுமதி தந்த அமைப்புக்குப் படத்தோடு தெரிவியுங்கள்.

பென்குயின்களிடமிருந்து 5 மீட்டர், ஃபர் சீல்களிடமிருந்து 15 மீட்டர். உங்கள் அனுமதியில் இதைவிட அதிகம் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. பனியில் அழுந்திய பாதைகள் பென்குயின்களுடையவை. அவற்றில் நடக்காதீர்கள், கடக்கும்போது காத்திருங்கள். உங்கள் காலடிக் குழியில் விழுந்த பென்குயினால் ஏற முடியாது, நடந்தபின் குழிகளை மூடிவிடுங்கள். பாசியின்மேல் பதிந்த காலடி பல பத்தாண்டுகள் அழியாது. திமிங்கலம் அருகே எழுந்தால் இயந்திரத்தை நடுநிலையில் வைத்துக் காத்திருங்கள். நீங்களாக 100 மீட்டருக்குள் நெருங்க வேண்டாம். லெப்பர்ட் சீல் (சிறுத்தைக் கடல்நாய்) ரப்பர்ப் படகைக் கடித்துக் கிழிக்கும். 2003-இல் ரொதேரா நிலையத்தருகே மூழ்கி நீந்திய ஆய்வாளர் ஒருவரை அது கொன்றிருக்கிறது. அது படகைச் சுற்றத் தொடங்கினால் கையை உள்ளே இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள்.

கழிவும் எண்ணெயும்

60 பாகைக்குத் தெற்கே பிளாஸ்டிக், காகிதம், டப்பா, கண்ணாடி எதையும் கடலில் போடக் கூடாது. உணவுக்கழிவை நிலத்திலிருந்தும் பனித்தட்டுகளிலிருந்தும் 12 கடல்மைலுக்கு அப்பால், அரைத்த பிறகே விடலாம். சிறு படகில் அரைப்பதைவிட மூடியிறுக்கிய வாளிகளில் சேர்த்துத் திருப்பிக் கொண்டுவருவது எளிது. அந்தக் குளிரில் நாறாது. கழிவறைத் தொட்டிக்கான 12 கடல்மைல் விதி 10 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்ற கப்பல்களுக்கானது. சிறியவையும் பின்பற்றுவதே முறை, அனுமதியிலும் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது, நான்கு நாட் வேகத்துக்குக் குறையாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தொட்டி எத்தனை நாள் தாங்கும் என்று ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபின் வழித்திட்டத்தைப் போடுங்கள்.

டீசலைக் கேன்களிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போதுதான் சிந்தும். மேல்தள வடிகால்களை அடைத்துவிட்டு, உறிஞ்சு விரிப்புகளை வாயைச் சுற்றிப் பரப்பி, இருவராகச் செய்யுங்கள். 1989 ஜனவரியில் பாமர் நிலையத்தருகே பாறையில் மோதிய பாஹியா பராய்ஸோ கப்பலிலிருந்து ஆறு லட்சம் லிட்டர் அளவுக்கு எரிபொருள் கசிந்தது. நம்மிடம் இருப்பது ஓராயிரம், ஈராயிரம் லிட்டர்தான். ஒதுக்கமான குடாவில், குஞ்சுகள் நீரில் இறங்கும் நேரத்தில், ஒரு கேன் கவிழ்ந்தாலே போதும்.

விபத்து நேர்ந்தால்

நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தும் போராட்டம், அடுத்த பத்து நிமிடமே கை கால் பயன்படும், ஒரு மணி நேரத்தில் நினைவு தவறலாம். உயிர்காப்பு மேலாடை இல்லாதவர் முதல் நிமிடத்திலேயே மூழ்கலாம். எனவே மீட்புப் பயிற்சியைப் பீகிள் கால்வாயிலேயே நேரம் பார்த்துச் செய்யுங்கள்: பத்து நிமிடத்துக்குள் ஆளை மேலே ஏற்ற முடிகிறதா? தூக்கும் கப்பி எங்கே மாட்டுகிறது? மீட்டவரைக் கிடைமட்டமாகத் தூக்கி, படுக்கவைத்து, ஈர உடையை வெட்டி எடுத்து, மெல்லச் சூடேற்றுங்கள். தேய்க்காதீர்கள், நடக்கவிடாதீர்கள்.

தீபகற்பத்தின் மீட்புப் பொறுப்பை சிலேயும் அர்ஜென்டினாவும் பகிர்ந்துகொள்கின்றன. தினமும் குறித்த நேரத்தில் இருப்பிடத்தை அவர்களுக்கு அனுப்புங்கள். தவறவிட்டால் அவர்கள் தேடத் தொடங்குவார்கள் என்பதால் நேரம் தவறக் கூடாது. விமானத்தில் நோயாளியை அனுப்பக் கிங் ஜார்ஜ் தீவின் சிலே ஓடுதளம் இருக்கிறது. அங்கே போய்ச்சேர உங்கள் படகுக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம், பிறகு மேகம் விலகவும் காத்திருக்க வேண்டும். ஆய்வு நிலையங்களை மருத்துவமனையாகவோ எரிபொருள் கிடங்காகவோ திட்டத்தில் எழுதாதீர்கள். 2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் கப்பல் மூழ்கியபோது 154 பேரும் பிழைத்தது அருகில் வேறு கப்பல்கள் இருந்ததாலும் கடல் அமைதியாக இருந்ததாலும்தான். எனவே அந்த வாரம் எந்தக் கப்பல் எங்கே இருக்கும் என்ற பட்டியல் உங்கள் வரைபட மேசையில் ஒட்டியிருக்கட்டும்.

திரும்பிய பிறகு

பயணம் முடிந்த மூன்று மாதத்துக்குள் அனுமதி தந்த அமைப்புக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இறங்கிய ஒவ்வோர் இடத்துக்கும் தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, செய்தவை, தவறி நிகழ்ந்தவை. இதை ஊர் திரும்பி நினைவிலிருந்து எழுதினால் தேதிகள் குழம்பும். ஒவ்வொரு மாலையும் நங்கூரமிட்டதும், ஆளுக்கு ஒரு தேநீர் ஊற்றும் நேரத்தில், அன்றைய வரிகளை நிரப்பிவிடுங்கள். கயிறு அறுந்தது, கையுறை ஒன்று கடலில் போனது போன்ற சிறியவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். வரைபடத்தில் இல்லாத பாறையைக் கண்டிருந்தால் அதன் அட்சதீர்க்க ரேகைகளையும் ஆழத்தையும் வரைபடம் வெளியிட்ட நாட்டின் கடலளவை அலுவலகத்துக்குத் தனியாக அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் அது ஏறும்.